ஏழு என்னும் எண்ணும் புவித்தட்டுகளின் பாகுபாடும்

பொருள்களைப் பகுத்து வகைப்படுத்துவது அறிவின் வாயில்களுள் ஒன்றாகும். எனினும் எல்லாப் பகுப்புகளும் ஒரே தன்மையுடையன அல்ல. அரபுக் கல்லூரிகளில் மன்திக் எனப்படும் தர்க்கவியலைப் பயிலும் மாணவர்க்கு இவ்வேறுபாடு கற்பிக்கப்படுகிறது. முழு எண் ஒன்று இரட்டையாக இருக்கும்; அன்றேல் ஒற்றையாக இருக்கும்; மூன்றாவதற்கு இடமில்லை. இது அறிவு தானே விதிக்கும் வரையறை. 'ஹஸ்ர் அக்லீ' என்பர். ஒரு தோப்பில் உள்ள மரங்கள் ஏழு வகையின என்பதோ எண்ணிப் பார்த்துக் கண்ட வரையறை. 'ஹஸ்ர் இஸ்திக்ராயீ' என்பர். நாளை எட்டாவது வகை ஒன்று கண்ணில் படலாம். ஒன்றெனக் கருதிய இரண்டு வெவ்வேறானவை எனத் தெரிய வரலாம். முன்னதை மறுத்தால் முரண்பாடு விளையும். பின்னதைத் திருத்தினால் அறிவு வளரும்.

புவியின் புறவோட்டைப் பற்றித் தமிழில் எழுதப்படும் அறிமுகக் கட்டுரைகளையும் சிறு நூல்களையும் நோக்குமிடத்து, இவ்வேறுபாடு பெரும்பாலும் மறக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். "புவி ஏழு பெருந்தட்டுகளால் ஆனது" என்னும் செய்தி, வாரத்திற்கு ஏழு நாள் என்பது போன்ற உறுதியுடன் சொல்லப்படுகிறது. யார் எண்ணினர், எந்த அளவுகோலால் எண்ணினர், எப்போது எண்ணினர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இதனால் விளையும் கேடு புவியியல் பாடத்தோடு நின்றுவிடுவதுமில்லை. வைகை பாயும் மதுரைச் சமவெளியின் வரலாற்று எழுத்துகளிலும், நமது சமய விளக்க நூல்கள் சிலவற்றிலும் அது படிந்துள்ளது. ஆகவே இப்பாகுபாட்டைச் சற்று விரிவாக ஆராய்வது பொருத்தமாகும்.

தட்டு என்பது யாது?

புவியின் மேலோடும், அதன்கீழ் உள்ள கவசத்தின் இறுகிய மேற்பகுதியும் சேர்ந்ததே பாறைக்கோளம். சராசரியாக 100 கிலோமீட்டர் தடிப்புள்ள இக்கோளம் பல துண்டுகளாகப் பிரிந்து, கீழே உள்ள இளகிய அடுக்கின்மேல் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் நகர்கிறது. அத்துண்டுகளே தட்டுகள். இன்றைய அரபு நூல்கள் இதனை 'ஸஃபீஹா' என்கின்றன. முற்காலத்தில் வானியல் கருவியாகிய அஸ்தர்லாபினுள் பொருத்தப்பட்ட மெல்லிய உலோகத் தகட்டிற்கும் அதுவே பெயர்.

தமிழில் 'கண்டத்தட்டு' என எழுதுவோர் பலர். இச்சொல் கருத்தை மயக்குகிறது. தட்டு வேறு, கண்டம் வேறு. பசிபிக் தட்டு ஏறக்குறைய முழுவதும் கடலடித் தரையாலானது. இந்தியத் தட்டிலோ இமயத்தின் அடிவாரம் முதல் குமரி வரையுள்ள நிலமும், அதற்குத் தெற்கே நெடுந்தொலைவு பரந்த கடல்தரையும் அடங்கும். எனவே தட்டுகளைக் 'கண்டத்தட்டு', 'கடல்தட்டு' என இரண்டாகப் பிரித்து விளக்குவதும் பொருந்தாது. பெரிய தட்டுகளுள் பெரும்பாலானவை இரண்டையும் தாங்கி நிற்பவை. 'புவித்தட்டு' என்னும் சொல்லே குற்றமற்றதாகத் தோன்றுகிறது.

எண்ணின் வரலாறு

ஆல்பிரட் வெகனர் 1912இல் கண்டங்கள் நகர்கின்றன என்னும் கருத்தை முன்வைத்தார். அது பல பதின்மஆண்டுகள் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்தது. கடல்தரை ஆய்வுகள் பெருகிய பின்னரே, 1960களின் பிற்பாதியில், தட்டுக் கோட்பாடு உருப்பெற்றது. 1968இல் பிரெஞ்சு அறிஞர் சேவியர் லெ பிஷோன் உலகம் முழுவதையும் ஆறு தட்டுகளாகப் பிரித்து அவற்றின் இயக்கத்தைக் கணக்கிட்டார். அவர் கணக்கில் வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரே தட்டு. பின்னர் அவை இரண்டாகக் கொள்ளப்பட்டன. அவ்வாறு அமைந்ததே நமது பாடநூல்களின் ஏழு: ஆப்பிரிக்கத் தட்டு, அண்டார்டிகத் தட்டு, யூரேசியத் தட்டு, வட அமெரிக்கத் தட்டு, தென் அமெரிக்கத் தட்டு, பசிபிக் தட்டு, இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு.

எண்ணிக்கை அத்துடன் நிற்கவில்லை. 1990இல் டிமெட்ஸ் முதலியோர் வெளியிட்ட கணக்கில் 12 தட்டுகள். 2003இல் பீட்டர் பேர்ட் வரைந்த படத்தில் 52 தட்டுகள். அவற்றோடு, எல்லை தெளிவின்றி நொறுங்கிக் கிடக்கும் 13 மலைத்தொடர்ப் பகுதிகள். 2010இல் டிமெட்ஸ் குழுவினர் மீண்டும் வெளியிட்ட கணக்கில் 25 தட்டுகள். இவ்வெண்களுள் எது பிழை என வினவினால், எதுவும் பிழையன்று என்பதே விடை. உலகளாவிய இயக்கத்தின் பெரும்போக்கை அறிய விழைந்தவர் ஆறுடன் நிறைவடைந்தார். சிறு துண்டுகளின் அசைவையும் பதிய விழைந்தவர் ஐம்பதைக் கடந்தார். நோக்கம் மாற அளவுகோல் மாறியது. அளவுகோல் மாற எண் மாறியது.

பரப்பை வைத்துப் பகுப்போர் பொதுவாக இரண்டு கோடி சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டவற்றைப் பெருந்தட்டு என்றும், பத்து லட்சம் முதல் இரண்டு கோடி வரையுள்ளவற்றைச் சிறுதட்டு என்றும், அதற்கும் குறைந்தவற்றை நுண்தட்டு என்றும் கொள்வர். இவ்வளவுகோல் எளியது. ஆனால் அது நமது தட்டை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நமது தட்டு பெரிதா, சிறிதா?

இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் ஒரே தட்டின் இரு பகுதிகளாகக் கொண்டால், அது உலகின் பெருந்தட்டுகளுள் ஒன்று. ஆனால் 1980களிலிருந்தே நிலவியலார் இவ்வொருமையை ஐயுற்று வந்தனர். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியப் பெருங்கடலின் தரை மடிந்தும் முறிந்தும் கிடப்பதும், தட்டின் நடுவே இருக்கக் கூடாத நில அதிர்வுகள் அங்கே நிகழ்வதும் அவ்வையத்திற்குக் காரணம். 1997இல் ரோயரும் கார்டனும் இவ்விரண்டிற்கும் இடையே 'கேப்ரிகார்ன்' என மூன்றாவது தட்டு ஒன்றையும் பிரித்துக் காட்டினர். 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்ராவிற்கு மேற்கே, தட்டின் ஓரத்திலன்றி உட்பகுதியில், 8.6 அளவிலும் இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவிலும் இரு பேரதிர்வுகள் நிகழ்ந்தன. பழைய தட்டு முறிந்து கொண்டிருப்பதன் அடையாளமாக ஆய்வாளர் பலர் அவற்றைக் கண்டனர்.

இந்தியத் தட்டைத் தனியே கொண்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் சதுர கிலோமீட்டர். அப்போது மேற்சொன்ன அளவுகோலின்படி அது சிறுதட்டு ஆகிவிடுகிறது! ஆயினும், நாம் நிற்கும் நிலம் நேற்றுப் பெரிதாக இருந்து இன்று சிறுத்துவிடவில்லை. இமயத்தை எழுப்பிய அதே தட்டுத்தான் அது.

பரப்பளவைச் சிறப்பின் அளவாகக் கொள்ளலாகாது என்பதற்கு 2004 டிசம்பர் 26ஆம் நாளே போதிய சான்று. அன்று இந்தியத் தட்டு கீழே நுழையும் இடத்தில், அதன்மேல் ஏறி நிற்கும் பர்மாத் தட்டு என்னும் சிறு துண்டின் ஓரம் ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் நீளத்திற்கு முறிந்தது. ஏழு பெருந்தட்டுகளின் பட்டியலில் அதற்குப் பெயரே கிடையாது. அம்முறிவு எழுப்பிய அலையில் இந்தியப் பெருங்கடலின் கரையெங்கும் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். ஏழின் பட்டியலை மனனம் செய்த மாணவன் இப்பேரழிவின் காரணத்தை அப்பட்டியலில் தேடினால் காணமாட்டான்.

ஏழு இக்லீம்களும் மதுரையும்

உலகை ஏழாகப் பகுக்கும் வழக்கம் பழமையானது. கிரேக்கரிடமிருந்து பெற்ற முறையில் அரபுப் புவியியலார் மக்கள் வாழும் நிலத்தை ஏழு இக்லீம்களாகப் பிரித்தனர். 1154இல் சிசிலியின் மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல்-இத்ரீஸி தொகுத்த நூல், ஏழு இக்லீம்களையும் பப்பத்தாகக் கூறிட்டு எழுபது படங்களாக அமைத்தது. இப்பகுப்பில் பாராட்டத்தக்கது அதன் அளவுகோல் வெளிப்படையாகச் சொல்லப்பட்டமையாகும். ஆண்டின் மிக நீண்ட பகற்பொழுது அரைமணி கூடும்தோறும் ஓர் இக்லீம் எனக் கணித வானியலார் வரையறுத்தனர்.

அக்கணக்கின்படி முதல் இக்லீம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ பன்னிரண்டரைப் பாகையில் தொடங்கும். மதுரையோ பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. ஆக, பாண்டியரின் தலைநகர் ஏழு இக்லீம்களுள் எதிலும் அடங்காது. முதல் இக்லீமை நிலநடுக்கோட்டிலிருந்தே தொடங்கிய புவியியலாரின் கணக்கிலோ மதுரை உள்ளே வந்துவிடும். நகரம் அசையவில்லை, கோடுதான் அசைந்தது.

அல்-பிரூனி இதனை நன்கு உணர்ந்தவர். கிரேக்க வழிவந்த ஏழு இக்லீம்களையும், பாரசீகரின் ஏழு கிஷ்வர்களையும், இந்தியர் கூறும் ஏழு தீவுகளையும் அவர் தம் நூல்களில் விளக்கியுள்ளார். எண் ஒன்றாக இருப்பதைக் கொண்டு பொருளும் ஒன்றே என அவர் சாதிக்க முற்படவில்லை. இந்நிதானமே நாம் அவரிடம் கற்க வேண்டியது.

தென்மதுரையும் இலெமூரியாவும்

இனி நமது ஊரின் கதைக்கு வருவோம். இறையனார் அகப்பொருள் உரை, கடல் கொண்ட மதுரையில் 4440 ஆண்டுகள் தலைச்சங்கமும், கபாடபுரத்தில் 3700 ஆண்டுகள் இடைச்சங்கமும், இன்றைய மதுரையில் 1850 ஆண்டுகள் கடைச்சங்கமும் நிகழ்ந்தன எனக் கூறுகிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார், பஃறுளியாற்றிற்கும் குமரியாற்றிற்கும் இடைப்பட்ட நிலத்தை ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு என ஏழேழாக 49 நாடுகளாகப் பகுக்கிறார். இங்கும் அளவுகோல் ஏழே என்பது நோக்கத்தக்கது.

இம்மரபோடு மேலைநாட்டுக் கருதுகோள் ஒன்று இணைக்கப்பட்டது. 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரில் மிகுந்து வாழும் லெமூர் என்னும் விலங்கின் உறவினம் இந்தியாவிலும் காணப்படுவதற்குக் காரணம் தேடினார். இடையில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் எனக் கருதி அதற்கு 'லெமூரியா' எனப் பெயரிட்டார். நிலம் மேலும் கீழும்தான் அசையும் எனக் கருதப்பட்ட அக்காலத்தில் அது இயல்பான ஊகமே. 1941இல் கா. அப்பாத்துரையார் 'குமரிக்கண்டம் அல்லது கடல் கொண்ட தென்னாடு' என்னும் நூலில் தமிழ் மரபையும் இவ்வூகத்தையும் ஒன்றாக்கினார். தட்டுக் கோட்பாடு பிறவாத காலத்தில் எழுதிய அவரைக் குறை கூறுதல் நேர்மையன்று. 1968க்குப் பின்னும் அதே கருத்தை, நடுவே 'தட்டு' என்னும் சொல்லை மட்டும் செருகி எழுதிவருவோரிடமே நமது வழக்கு.

ஏனெனில் நிலம் பக்கவாட்டில் நகர்கிறது என்று தெரிந்தவுடன், மூழ்கிய கண்டத்திற்கான தேவையே நீங்கிவிட்டது. மடகாஸ்கரும் இந்தியாவும் கோண்டுவானா என்னும் பெருநிலத்தில் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. நம் மதுரையின் பெயராலேயே நிலவியலார் ஒரு பாறைப்பகுதியைக் குறிக்கின்றனர். பாலக்காடு–காவிரி முறிவு மண்டலத்திற்குத் தெற்கிலும் அச்சன்கோவில் முறிவு மண்டலத்திற்கு வடக்கிலும் அமைந்த 'மதுரைப் பாளம்' அது. சார்னோக்கைட், நைஸ் முதலிய பாறைகளாலான இப்பாளம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா ஒன்றுகூடிய காலத்தில், கடும் வெப்பத்திற்கு உள்ளாகி உருமாறியது. மடகாஸ்கரின் பாறைகள் அக்காலத்தில் இதன் அயலிலேயே இருந்தன. மதுரைக்கும் மடகாஸ்கருக்கும் உறவு உண்டு. அவ்வுறவு ஒத்தக்கடை யானைமலையை ஒத்த குன்றுகளின் பாறையில் இருக்கிறது, கடலடியில் இல்லை. இப்பாளத்தை இன்றைய தட்டுகளின் பட்டியலிலும் சேர்க்கலாகாது. அது பழைய ஒட்டு. இன்று இந்தியத் தட்டின் உட்பகுதி.

ஸ்கிளேட்டரை வியக்க வைத்த உறவினமாகிய தேவாங்கு திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் காடுகளில் இன்றும் வாழ்கிறது. 2022இல் தமிழக அரசு கடவூரில் அதற்கெனச் சரணாலயம் அறிவித்தது. தேவாங்கு இங்கே வாழ மூழ்கிய கண்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மூழ்கிய கண்டமே இருக்க முடியாது என்பது நமது வாதமன்று. நியூசிலாந்தைச் சுற்றியுள்ள 49 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தை, அதில் 94 விழுக்காடு நீரில் இருந்தும், 'சீலாந்தியா' எனத் தனிக் கண்டமாகக் கொள்ள வேண்டும் என 2017இல் நிலவியலார் வாதிட்டனர். அவர்கள் காட்டிய சான்றுகள் எவை? பாறையின் வகை, மேலோட்டின் தடிப்பு, சூழ்ந்த கடல்தரையினின்று எழுந்துள்ள உயரம், வரையறுத்த பரப்பு என்பனவே. குமரிக்குத் தெற்கே நாலைந்து கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் நடு இந்தியப் பெருங்கடலின் தரை, பசால்ட்டாலான மெல்லிய கடல் மேலோடாகவே உள்ளது. 2013இல் மொரீஷியஸ் மணலில் மிகப் பழைய சிர்கான் மணிகள் கிடைத்தபோது 'குமரிக்கண்டம் மெய்ப்பிக்கப்பட்டது' என இங்கே எழுதப்பட்டது. அவ்வாய்வு பேசிய 'மொரீஷியா' 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே சிதறிப்போன துண்டு. மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகள். அங்கே சங்கம் வைத்தவர் யார்?

மூன்று நிகழ்வுகள், ஒரு சொல்

இக்குழப்பத்தின் வேர் 'கடல்கோள்' என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு நிகழ்வுகளை அடக்கியதில் உள்ளது. தட்டு நகர்ந்து கடல் பிறப்பது கோடிக்கணக்கான ஆண்டுகளின் செயல். பனி உருகிக் கடல்மட்டம் உயர்வது ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் செயல். ஆழிப்பேரலை சில மணி நேரத்தின் செயல். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் பாக் நீரிணை நிலமாக இருந்தது. குமரிக்குத் தெற்கிலும் மன்னார்க் கரையிலும் நிலம் சிறிது நீண்டிருந்தது. நிலவியலாளர் சு.கி. ஜெயகரன் 2002இல் வெளியிட்ட தம் நூலுக்குக் 'குமரி நில நீட்சி' எனப் பெயரிட்டது இவ்வேறுபாட்டை உணர்ந்தேயாகும். 'கண்டம்' என்பதை விடுத்து 'நீட்சி' என அவர் கொண்ட சொல்லிலேயே ஒரு நல்ல திறனாய்வு அடங்கியுள்ளது. கடல் கொண்ட நிலம் பற்றிய தமிழர் நினைவை அவர் எள்ளவில்லை; அதற்குரிய வகையில் வைத்துப் பார்த்தார்.

தமிழின் தொன்மை இதனால் குறைவதில்லை. மதுரைக்கு அருகே மாங்குளத்தின் பாறையில் நெடுஞ்செழியன் பெயர் தாங்கிய தமிழ்-பிராமி எழுத்து கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. வைகைக் கரையின் கீழடியில் அகழ்ந்தெடுத்த கரித்துண்டு கி.மு. 6ஆம் நூற்றாண்டினது என 2019இல் வெளியிடப்பட்டது. இவற்றைப் பொய்யான முளையில் கொண்டுபோய்க் கட்டும்போது, முளையோடு இவையும் பிடுங்கப்படும் என்பதே நமது அச்சம்.

நமது நூல்களில் ஏழு

இதே கேடு வேறு வடிவில் நம்மிடையேயும் உலவுகிறது. அத்தலாக் அத்தியாயத்தின் இறுதி வசனம் வானங்களோடு பூமியையும் ஏழு என்னும் எண்ணுடன் தொடர்புறுத்திப் பேசுகிறது. இவ்வேழும் புவியின் ஏழு தட்டுகளே எனக் கூறித் திருமறையின் அறிவியல் அற்புதமாக இதனைக் காட்டும் துண்டு நூல்கள் உலவுகின்றன. எழுதுவோரின் நோக்கம் நல்லதே. ஆனால் 1968இன் ஆறும் 2003இன் ஐம்பத்திரண்டும் அறிந்த மாணவன் ஒருவன் வந்து கேட்டால் அவர்கள் என்ன விடை கூறுவர்? வசனத்தைத் தட்டோடு கட்டியவர், தட்டு எட்டாகும்போது வசனத்தை எங்கே கொண்டு வைப்பர்?

இது புதிய சிக்கலுமன்று. முற்காலத்தில் சிலர் இவ்வசனத்திற்கு ஏழு இக்லீம்கள் எனப் பொருள் கூறினர். அக்காலத்தின் அறிவியல் அதுவே. ஹிஜ்ரி 774இல் மறைந்த இமாம் இப்னு கஸீர் தம் விரிவுரையில் அது நெடுந்தொலைவு விலகிச் சென்ற விளக்கம் என மறுத்தார். இக்லீம் கணக்கு பின்னர் வழக்கொழிந்தது, வசனம் நிலைத்திருக்கிறது. ஹிஜ்ரி 790இல் மறைந்த இமாம் ஷாத்திபி, முன்னோர் அறிந்த எல்லாக் கலைகளையும் திருமறையினுள் கொண்டுவந்து நுழைப்போரை 'அல்-முவாஃபகாத்' நூலில் கண்டித்தார். நமது பாடத்திட்டங்களில் மதிப்புடன் வைக்கப்பட்டுள்ள இப்பேரறிஞர்களின் எச்சரிக்கை, மேடையிலும் துண்டு நூலிலும் ஏன் ஒலிப்பதில்லை என்பதைச் சிந்திக்க வேண்டும்.

எண்ணிக் கண்ட வரையறையை அறிவு விதித்த வரையறையாக மயங்கியதே மேற்கண்ட பிழைகள் அனைத்திற்கும் பொதுவான தோற்றுவாய். பாடநூலில் ஏழு எனச் சொல்லிக் கொடுப்பது தவறன்று; தொடக்க மாணவர்க்கு அது போதும். ஆனால் அதே மூச்சில், இது பரப்பை அளவாகக் கொண்ட பகுப்பு என்றும், இந்தியத் தட்டைப் பிரித்தால் எட்டு என்றும், நுணுகி எண்ணியோர் ஐம்பதைக் கடந்தனர் என்றும் ஆசிரியர் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட மாணவன் தென்மதுரை பற்றிய நூலைப் படிக்கும்போதும், தட்டுகளை மறையோடு பொருத்தும் துண்டு நூலைப் படிக்கும்போதும், இதன் அளவுகோல் யாது எனத் தானே கேட்கப் பழகுவான். மன்திக் வகுப்பில் நாம் கற்பிக்கும் விதி பாடநூலின் எல்லைக்குள் உறங்காமல் வெளியே வந்து பயன்படும் நாள் அதுவே.